ஸ்பூன் பெட்டி

ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டு வந்து சாப்பிடும் ஆபீஸ் பாட்லக்கில் ஸ்பூன் தீர்ந்துவிட்டது என்று யாரோ சொன்னபோது சுவிசேஷமுத்துவின் முகத்தில் வந்த வெளிச்சத்தை அவருடைய கல்யாண ஆல்பத்தில்கூடக் காண முடியாது. ஹூஸ்டனில் ஓர் எண்ணெய்க் கம்பெனிக்கு ஸாஃப்ட்வேர் சோதித்துக் கொடுப்பது அவர் வேலை. அடுத்தவர் செய்த தப்பைக் கண்டுபிடித்துச் சொல்வதற்காகச் சம்பளம் வாங்குகிற ஆளை எந்தக் கூட்டத்திலும் யாரும் ஆசையாகத் தேட மாட்டார்கள். அன்றைக்குத்தான் அவரும் தேவைப்பட்டார். "யாரும் கடைக்குப் போக வேண்டாம், என் கார்ல ஆயிரம் ஸ்பூன் இருக்கு" என்று அறிவித்துவிட்டு, ஆகஸ்ட் மாதத்து மத்தியான வெயிலில் பார்க்கிங் லாட்டைக் கடந்து போனார்.

அவருடைய கார் டிக்கி ஒரு சின்ன மளிகைக்கடை. மடக்கு நாற்காலிகள், பிரிக்காத அரிசி மூட்டை, சபையின் மைக் ஸ்டாண்ட், யாருடையது என்று தெரியாத ஒரு சாம்பார் வாளி. அவற்றுக்கு நடுவே ஸ்பூன் படம் போட்ட அந்த அட்டைப்பெட்டி. ஞாயிற்றுக்கிழமை சபையில் அசனம். விருந்து முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது கிச்சன் அலமாரியின் கீழ்த்தட்டில் அதைப் பார்த்தார். ஆட்டிப் பார்த்தார், உள்ளே பிளாஸ்டிக் சத்தம் கேட்டது. மிச்சமான தட்டு, டம்ளர், ஸ்பூன் எதையும் சபையில் விட்டுவிட்டு வரக் கூடாது, அடுத்த வாரத்துக்குள் கால் முளைத்துப் போய்விடும் என்பது சொந்த ஊர் சாயர்புரத்திலிருந்து ஹூஸ்டன் வரைக்கும் மாறாத அசனக் கமிட்டி ஞானம். பத்திரமாக டிக்கியில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து இந்த வியாழக்கிழமை வரைக்கும் பெட்டி வெயிலில் காரோடு சேர்ந்து காய்ந்தது.

கான்ஃபரன்ஸ் ரூமில் மேஜைமேல் பெட்டியை வைத்து, எல்லோரும் பார்க்கும்படி, ரிப்பன் வெட்டும் தோரணையில் டேப்பைக் கிழித்தார். உள்ளே ஸ்பூன் இல்லை. ஜிப் போட்ட பிளாஸ்டிக் உறைகள். ஒவ்வோர் உறைக்குள்ளும் ஒரு குழாய், குழாய்க்குள் நுனியில் சின்னத் தூரிகை வைத்த ஒரு குச்சி. யாருடைய பெயரும் இல்லை, பொடி எழுத்தில் ஒரு லேபிளும் பார்கோடும்தான்.

பக்கத்தில் புளியோதரையோடு நின்ற செழியன் எட்டிப் பார்த்து, "அண்ணே, இத வச்சு புளியோதரை சாப்பிட முடியாதுன்னு நினைக்கிறேன்" என்றான்.

டீம் லீட் பிரீத்தி ஓர் உறையை எடுத்து லேபிளைப் படித்தாள். அவளுடைய முகம் ஒரு கணத்தில் மூன்று விதமாக மாறியது. உறையைத் திரும்ப வைத்து, பெட்டியை மூடி, அவர் கையைப் பிடிக்காத குறையாக வெளியே அழைத்துப் போனாள். "முத்து அங்கிள், இது லேடீஸோட டெஸ்ட். கர்ப்பப்பை வாய்ல ஹெச்.பி.வி.ன்னு ஒரு வைரஸ் இருக்கான்னு பாக்கறது. அது போகாம அங்கேயே தங்கிட்டா பின்னாடி கேன்சர் ஆகலாம். இதெல்லாம் யாரோ எடுத்துக் குடுத்த சாம்பிள்."

"யாரோடது?"

"அத நீங்கதான் சொல்லணும் அங்கிள். உங்க கார்லேர்ந்துதான வந்துச்சு."

சோதிப்பதே தொழிலாகக் கொண்ட மனிதர், கையிலிருந்த பெட்டியை மட்டும் சோதிக்காமல் விட்டிருக்கிறார். காரிடாரில் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றபோதுதான் அவருக்கு உறைத்தது. இது காலைச் சபைக்காரர்களுடையது.

முத்துவின் சபை ஆராதனை நடத்தும் கட்டிடம் வெள்ளைக்காரர்களின் ஒரு பழைய சபைக்குச் சொந்தம். வெள்ளைக்காரர்கள் முடியெல்லாம் நரைத்துக் குறைந்துகொண்டே போக, காலையில் நைஜீரியர்களுக்கும் மத்தியானம் தமிழர்களுக்கும் வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஒரே பலிபீடம், ஒரே கிச்சன், ஒரே கழிப்பறை. அவர்களுடைய உலர்மீன் குழம்பு வாசனையில் இவர்கள் ஜெபிப்பார்கள், இவர்களுடைய கருவாட்டு வாசனையில் அடுத்த வாரம் அவர்கள் ஜெபிப்பார்கள். அந்த விஷயத்தில் யாரும் யாரையும் குறை சொல்லும் நிலையில் இல்லை. மற்றபடி, ஆராதனைக்கு இடையில் வாசலில் கடக்கும்போது ஒரு சிரிப்பு, ஒரு "காட் பிளெஸ் யூ." அவ்வளவுதான் உறவு.

அந்த வாசலைத் தாண்டி இந்தப் பக்கம் வந்த ஒரே ஆள் சிஸ்டர் ஃபோலாகே. ஏழைகளுக்கான ஒரு கிளினிக்கில் நர்ஸ். கோடை தொடங்கும் முன்பு ஒரு நாள் தமிழ்ப் பெண்கள் ஐக்கியத்துக்கு வந்து, இப்படி ஒரு டெஸ்ட் இருக்கிறது, டாக்டர் முன்னால் படுக்க வேண்டாம், பாத்ரூமில் தானே எடுத்துக் கொடுத்துவிடலாம், நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள் என்று கேட்டார். ஐக்கியத்தின் செயலாளர், முத்துவின் மனைவி ஜெயலீலா, "எங்க பெண்களுக்கு வேண்டாம் சிஸ்டர், தேங்க் யூ" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டாள். ஃபோலாகே போன பிறகு, மைக் ஒயர் சுற்றிக்கொண்டிருந்த முத்து தன் பங்குக்கு ஒரு ஜோக் அடித்தார். "அது ஆப்பிரிக்கா வியாதி. நம்ம வியாதி சுகர். அத நாம நல்லாக் கவனிச்சு வளத்துட்டு இருக்கோம்லா." எல்லாரும் சிரித்தார்கள். ஜெயலீலாவும் சிரித்தாள், கொஞ்சம் பிந்தி.

அந்த ஜோக் இப்போது அவருடைய கையில் பெட்டியாக இருந்தது. படிக்கட்டில் உட்கார்ந்து ஃபோலாகேவுக்குப் போன் செய்தார். எல்லாவற்றையும் சொன்னார், ஸ்பூனையும் விடாமல்.

"காரை நிழலில் நிறுத்தியிருந்தீர்களா?" என்று ஃபோலாகே கேட்டார்.

"நிழல் எல்லாம் மேனேஜர்களுக்கு, சிஸ்டர்."

"அப்படியானால் போச்சு. இந்தச் சூட்டுக்குப் பிறகு லேப் இதை ஏற்காது." ஒரு பெருமூச்சு கேட்டது. "தப்பு என்னுடையதும்தான். திங்கட்கிழமை கொரியர் வந்து, பெட்டி இல்லாமல் திரும்பிப் போனான். அன்றிலிருந்து தேடுகிறேன். ஆண்கள் கண்ணில் பட்டால் கேள்வி கேட்பார்கள் என்று நான்தான் அதை ஸ்பூன் பெட்டிக்குள் ஒளித்து வைத்தேன். ஸ்பூன் தேடி அலையும் ஓர் ஆணை நான் எதிர்பார்க்கவில்லை."

"திரும்ப எடுக்க முடியாதா?"

"ஒரு வருஷம் கெஞ்சியிருக்கிறேன், பிரதர் முத்து. என் அக்கா இபாதானில் ஹெட்மிஸ்ட்ரஸ். ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவள். தனக்கு ரத்தம் படுவதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னபோது டாக்டர்களுக்குச் செய்ய ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் இப்படிப் போகிற பெண்கள் ஏராளம். உங்கள் நாட்டிலும் குறைச்சல் இல்லை, நீங்கள் சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். பல வருஷம் சத்தமே இல்லாமல் இருக்கிற வியாதி. முன்னாலேயே பார்த்தால் நிறுத்திவிடலாம். பார்க்கத்தான் யாரும் வருவதில்லை. இவர்கள் வந்தார்கள். ஒரு தடவை வந்தார்கள்." பிறகு சொன்னார்: "எல்லாரும் என் சபைப் பெண்கள். ஒருத்தி தவிர."

"அது யாரு?"

"அது என் வாயிலிருந்து வராது."

முத்து போனை வைத்துவிட்டு அந்தப் படிக்கட்டிலேயே ஒரு முடிவுக்கு வந்தார். அவருடைய வாழ்க்கையில் முடிவுகள் பெரும்பாலும் அவரைக் கேட்காமல் எடுக்கப்பட்டவை. அமெரிக்கா வந்தது மாமனார் முடிவு, வீடு வாங்கியது ஜெயலீலா முடிவு, மீசையை எடுத்தது மகள் ஜெபினாவின் முடிவு. இது தன்னுடையது. கெடுத்தவன் நான், அந்தப் பெண்கள் அத்தனை பேரையும் மறுபடி அந்தக் கதவுவரைக்கும் கூட்டிக்கொண்டு வருவதும் என் வேலை.

வீட்டில் ஜெயலீலா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைக் கேட்டாலும் பதில் சொல்ல மாட்டாள், திருப்பி ஒரு கேள்வி கேட்பாள். சாப்பாடு ஆயிட்டா என்றால், ஏன் பசிக்குதா என்பாள். தலை வலிக்குதா என்றால், காபி போட்டுத் தரப்போறீங்களா என்பாள். முப்பது வருஷத்துக் குடித்தனத்தில் அவளிடமிருந்து வந்த ஒரே நேரடிப் பதில், பெண் பார்க்க வந்த அன்று பாதிரியார் கேட்டதற்குச் சொன்ன "சம்மதம்" என்பதுதான். அதுகூட அவளுடைய அப்பா எடுத்துக் கொடுத்தது. முத்து நடந்ததைச் சொல்லிக்கொண்டு வந்தார், சிரிக்க வேண்டிய இடங்களில் நிறுத்தி, நடித்துக் காட்டி. அவள் சிரிக்கவில்லை. கத்தி பாதி வெண்டைக்காயில் நின்றது.

"எல்லாமே கெட்டுப் போச்சா?"

"எல்லாமே."

"ஒண்ணுகூடத் தேறாதா?"

"தேறாதுன்னு சொல்லிட்டாங்க."

அவள் மீதி வெண்டைக்காயை நறுக்கி முடித்தாள். வழக்கமாக அவள் நறுக்கும் துண்டுகள் அச்சில் வார்த்தது மாதிரி இருக்கும். அன்றைக்கு ஒன்று பெரிது, ஒன்று சிறிது. முத்து அதைச் சாப்பிடும்போது கவனித்தார். எதற்கென்று யோசிக்கவில்லை.

ஆஸ்டினில் படிக்கும் ஜெபினாவுக்குப் போன் செய்து, இந்த வைரஸ் சமாசாரம் என்னவென்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். "அப்பா, ஐ காட் த வாக்ஸின் இன் செவன்த் கிரேட். யூ சைன்ட் ஃபார் இட்" என்றாள் மகள். எதற்கென்று யாரும் சொல்லலியே என்றார். "யூ டிட்ன்ட் ஆஸ்க்." அவ்வளவுதான், போனை வைத்துவிட்டாள். அவளுக்கு வகுப்பு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை முத்து கோட்டு போட்டுக்கொண்டு போனார். ஜெபினாவின் பட்டமளிப்புக்கென்று எடுத்து வைத்திருந்த கோட்டு. காலைச் சபை முடிந்து, பெண்கள் பக்கத்து ஹாலில் கூடியிருந்தார்கள். தலையில் கோபுரம் கோபுரமாகக் கட்டிய துணிகள், நீலம், ஆரஞ்சு, தங்கம். அந்த நிறங்களுக்கு நடுவே அவர் வழி தவறி வந்த காக்கை மாதிரி நின்றார். ஃபோலாகே ஐந்து நிமிஷம் கொடுத்திருந்தார். ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம் என்ற ரீதியில், ஆபீஸில் சர்வர் படுத்துவிட்டால் அனுப்பும் மெயில் பாணியில், நாலு பத்தி தயார் செய்துகொண்டு வந்திருந்தார். அவர்களுடைய முகங்களைப் பார்த்ததும் அதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார்.

"ஸ்பூன் என்று நினைத்து நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்" என்றார். "எங்கள் ஆட்கள் பிளாஸ்டிக் ஸ்பூனைத் தூக்கிப் போட மாட்டோம். கழுவி வைத்துக்கொள்வோம். என் வீட்டில் இரண்டாயிரமாவது வருஷத்து ஸ்பூன் இருக்கிறது." முன்வரிசையில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். பாட்லக்கையும் புளியோதரையையும் அவர் விவரிக்க விவரிக்கச் சிரிப்பு பின்வரிசை வரைக்கும் பரவி, ஒரு பெண் பக்கத்துக்காரியின் தோளில் சாய்ந்து கண்ணைத் துடைத்தாள். "நீங்கள் தைரியமாகச் செய்த ஒரு காரியத்தை நான் டிக்கியில் வைத்துப் பொரித்துவிட்டேன். மன்னிக்க வேண்டும். தயவுசெய்து இன்னொரு தடவை செய்ய வேண்டும். யாருக்கு வண்டி வேண்டுமென்றாலும் நான் வருகிறேன். பெட்டியை நானே கிளினிக்குக்குக் கொண்டு போய்ச் சேர்க்கிறேன்."

நடுவில் உட்கார்ந்திருந்த ஒரு மூத்த பெண்மணி மட்டும் சிரிக்கவில்லை. மதர் பிசி என்று எல்லாரும் கூப்பிடும் அவர் அறுபதைத் தொட்டவர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய கைப்பை. அவர் போனால் எல்லாரும் போவார்கள், அவர் உட்கார்ந்தால் எல்லாரும் உட்காருவார்கள் என்று ஃபோலாகே முன்பே எச்சரித்திருந்தார்.

"நான் ஒரு தடவை துணியை உயர்த்திவிட்டேன்" என்றார் மதர் பிசி. "இரண்டாம் தடவை உயர்த்துவதாக இல்லை. ஆண்டவர் பெட்டியை எடுத்துவிட்டார்."

"ஆண்டவர் இல்லை மதர், நான்தான் எடுத்தேன்."

மறுபடி சிரிப்பு. மதர் பிசி கையை உயர்த்தினார், அடங்கியது. "உன் மனைவி இந்த டெஸ்ட் எடுத்திருக்கிறாளா?"

முத்துவின் வாயில் ஒரு ஜோக் தயாராக வந்தது. எங்கள் வியாதி சுகர் என்று தொடங்குகிற அதே ஜோக். அதை விழுங்கினார். "எனக்குத் தெரியாது" என்றார்.

"எத்தனை வருஷமாகக் கல்யாணம்?"

"முப்பது."

"எங்கள் எல்லாரையும் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறாய். உன் வீட்டில் என்ன என்று உனக்குத் தெரியாது." கோபமாகச் சொல்லவில்லை, கடையில் துணியைத் தடவிப் பார்க்கிற மாதிரி சொன்னார். "போய்க் கேள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் பதிலோடு வா. அப்புறம் என்னிடம் கேள்."

அந்த வாரம் முத்து தன் மனைவியிடம் ஒரு கேள்வி கேட்பதற்காகப் பட்ட பாட்டை, கிரீன் கார்டுக்குக்கூடப் பட்டதில்லை. முதலில் வார்த்தை கிடைக்கவில்லை. கர்ப்பப்பை வாய் என்ற சொல்லைக் காரில் தனியாக இருக்கும்போது சத்தமாகச் சொல்லிப் பழகினார். சிக்னலில் பக்கத்துக் காரில் இருந்தவன் திரும்பிப் பார்த்தான். வீட்டில் அது "அந்த டெஸ்ட்" என்றுதான் வந்தது. சாயங்காலம் குளத்தைச் சுற்றி நடக்கும்போது, முன்னால் போன வாத்துகளைப் பார்த்தபடி, "அந்த டெஸ்ட் நீ எப்பவாவது எடுத்திருக்கியா லீலா?" என்றார். "ஏன், எனக்கு ஏதும் வந்துட்டுன்னு நினைக்குதீங்களா?" என்று திரும்பி வந்தது. பதறி, இல்ல இல்ல, சும்மாதான் என்று சொல்லி, அப்புறம் பேச்சு வாத்துக்குப் போய்விட்டது. இந்தியன் கடையில் முருங்கைக்காய் பொறுக்கும்போது இன்னொரு தடவை. "இங்க வச்சா கேக்கணும்?" என்றாள் அவள். அதில் நியாயம் இருந்தது. பக்கத்தில் கோவைக்காய் எடுத்துக்கொண்டிருந்த ஐக்கியத்து அனந்தலக்ஷ்மி அக்கா அதற்குள் காதைத் தீட்டிவிட்டார். மூன்றாவது தடவை சனிக்கிழமை, அவர் பாத்திரம் கழுவ, அவள் துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள். "மதர் பிசி கேட்டாங்க. நான் பதில் சொல்லணும்" என்றார். அவள் கையிலிருந்த கிண்ணத்தைத் துடைத்துத் துடைத்து, துடைக்க இனி ஈரமே இல்லை என்று ஆன பிறகு, "அவங்க கேட்டதுக்காகத்தான் நீங்க கேக்குதீங்களா?" என்றாள்.

முத்து குழாயை மூடினார். பதில் அவருக்குச் சிக்கியபோது அவள் விளக்கை அணைத்துவிட்டுப் போயிருந்தாள்.

வெறுங்கையோடுதான் மறு ஞாயிற்றுக்கிழமை போனார். ஆனாலும் போனார். வழியில் வண்டியில்லாத இரண்டு பெண்களை ஏற்றிக்கொண்டார். ஃபோலாகே ஹாலில் புது டெஸ்ட் கிட்டுகளோடு காத்திருந்தார். பெண்கள் வந்திருந்தார்கள். வந்து உட்கார்ந்து, மதர் பிசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பதில் கிடைத்ததா?"

"மூன்று தடவை கேட்டேன் மதர். கிடைக்கவில்லை."

"எப்படிக் கேட்டாய்?"

"நடக்கும்போது. காய்கறி வாங்கும்போது. பாத்திரம் கழுவும்போது."

"அவள் முகத்தைப் பார்த்து?"

முத்து யோசித்தார். வாத்து, முருங்கைக்காய், குழாய்த் தண்ணீர். "இல்லை" என்றார்.

மதர் பிசி அவரை ஏற இறங்கப் பார்த்தார். அதே கோட்டு, அதே ஷூ, ஒரு வாரம் கூடிய கண் குழி. பிறகு நாற்காலியின் கையை ஊன்றி எழுந்தார். "பதில் கொண்டு வந்திருந்தால் நீ பொய் சொல்கிறாய் என்று நினைத்திருப்பேன். ஒரு வாரத்தில் வருகிற பதில் இல்லை அது." ஃபோலாகேயிடமிருந்து ஓர் உறையை வாங்கிக்கொண்டு, தன் கைப்பையை முத்துவின் கையில் திணித்தார். "இதைப் பிடி. கீழே வைக்காதே."

பெண்கள் கழிப்பறைக்கு வெளியே முத்து கைப்பையோடு நின்றார். மதர் பிசிக்குப் பின்னால் ஒரு வரிசை உருவானது. அடுத்தவளும் பையைக் கொடுத்தாள், அதற்கடுத்தவளும். சிறிது நேரத்தில் இரண்டு தோளிலும் இரண்டு முழங்கையிலும் கழுத்திலுமாகப் பைகள் தொங்க, வேளாங்கண்ணிக் கடைத்தெருவில் மாலை விற்கிறவன் மாதிரி ஆகிவிட்டார். வெளியே வருகிற ஒவ்வொருத்தியும் பையை எடுத்துக்கொண்டு "தேங்க் யூ, பிரதர் ஸ்பூன்" என்றாள். அந்தப் பெயர் இனி இந்தக் கட்டிடத்தை விட்டுப் போகாது என்று அவருக்குத் தெரிந்தது. பரவாயில்லை என்று இருந்தது.

எல்லாம் முடிந்தபோது ஃபோலாகே பெட்டியைக் கொண்டு வந்தார். இந்தத் தடவை ஒளிவு மறைவு இல்லை. உள்ளே இருப்பது வெளியே தெரிகிற கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக், பக்கவாட்டில் ஆரஞ்சு நிற எச்சரிக்கை ஸ்டிக்கர், மூடிமேல் மார்க்கரில் கொட்டை எழுத்தில் ஆங்கிலத்தில், நாட் ஸ்பூன்ஸ். அதற்குக் கீழே தமிழில், "இது ஸ்பூன் இல்லை." முத்து அந்தத் தமிழ் எழுத்தைப் பார்த்தார். அந்த வளைவுகளை அவருக்குத் தெரியும். வீட்டு ஊறுகாய் பாட்டில்களில், மிளகாய்ப்பொடி டப்பாவில், அவருடைய சுகர் மாத்திரைப் பெட்டியில் தினமும் பார்க்கிற எழுத்து. நிமிர்ந்தபோது ஹால் கதவருகே ஜெயலீலா நின்றிருந்தாள். தமிழ் ஆராதனைக்கு இன்னும் நேரம் இருந்தது. யாரோடு வந்தாள், எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"பெட்டி ஆடாமல் போக வேண்டும்" என்றார் ஃபோலாகே, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல். "மடியில் வைத்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்."

ஜெயலீலா வந்து பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

கிளினிக் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும். இருபது நிமிஷ ஓட்டம். முத்து ஏசியை முழுசாகத் திருப்பி, காற்றுத் துவாரங்கள் எல்லாவற்றையும் பெட்டியின் பக்கம் வளைத்து வைத்தார். கார் ஐஸ் பெட்டியாகியது. ஃப்ரீவேயில் ஏறாமல் உள்ரோட்டிலேயே, மேட்டில் தூக்கிப் போடாமல், பிரசவ வார்டுக்குப் போகிற மாதிரி ஓட்டினார். ஜெயலீலா சேலை முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, பெட்டியை இரண்டு கையாலும் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கக் கண்ணாடி வழியாக வெயில் வந்து மூடியின்மேல் விழுந்தது. அவள் உள்ளங்கையை விரித்து அதை மறைத்தாள். வண்டி திரும்பினால் வெயிலும் திரும்பியது, அவள் கையும் அதன் பின்னாலேயே போனது.

முத்து இண்டிகேட்டரைப் போட்டார். கதவு சாத்தியிருந்த ஒரு டயர் கடையின் முன்னால், கூரை நிழலில், காரை நிறுத்தினார். ஏசி ஓடிக்கொண்டிருக்கட்டும் என்று என்ஜினை அணைக்கவில்லை. கோட்டைக் கழற்றினார். சீட் பெல்ட்டில் கை மாட்டி, ஒரு நிமிஷம் அதோடு மல்லுக்கட்டி, கடைசியில் கழற்றி எடுத்து, பெட்டியின்மேலும் அவள் கைகளின்மேலும் சேர்த்துப் போர்த்தினார். பிறகு உடம்பை முழுசாகத் திருப்பி அவளுடைய முகத்தைப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே தோல் கறுத்திருந்தது. கழுத்துச் சங்கிலி முன்னைவிடத் தழைந்து கிடந்தது. இதெல்லாம் எப்போதிலிருந்து என்று அவருக்குத் தெரியவில்லை.

"நேத்து நீ கேட்டதுக்குப் பதில் சொல்லாம விட்டுட்டேன்" என்றார். "அவங்க கேட்டதுக்காக இல்ல. எனக்குத் தெரியணும். நீ கர்ப்பப்பை வாய் டெஸ்ட் எடுத்திருக்கியா லீலா?"

அவள் உதடு "ஏன்" என்று தொடங்கியது. அந்தச் சொல்லைப் பாதியில் விட்டுவிட்டு, கோட்டுத் துணியைப் பார்த்தாள்.

"எடுத்தேன்" என்றாள். "நீங்க தூக்கிட்டுப் போன பெட்டியில ஒண்ணு என்னோடது."

ரோட்டில் ஒரு லாரி போனது. கார் லேசாக அதிர்ந்து நின்றது.

"நம்ம ஐக்கியத்துல வச்சு எடுத்தா அனந்தலக்ஷ்மி அக்காவுக்குத் தெரியும், அப்புறம் ஹூஸ்டனுக்கே தெரியும். அதான் அவங்களோட போய் நின்னேன். அங்க எல்லாரும் பயந்துக்கிட்டுதான் நின்னாங்க. எனக்கு அது நல்லா இருந்துச்சு."

"இதுல?" என்று அவர் பெட்டியைக் காட்டினார்.

"இதுல என்னுது இல்ல. ஃபோலாகே வேண்டாம்னுட்டா. மொதத் தடவை அவகிட்டயும் நான் எல்லாத்தையும் சொல்லல. இப்பதான் சொன்னேன். ஒனக்கு இந்தக் குச்சி காணாது, டாக்டர் நேர்லதான் பாக்கணும், ஒன் வீட்டுக்காரர்கிட்டச் சொல்லுன்னு சொல்லிட்டா."

"என்னத்தச் சொல்ல?"

ஜெயலீலா தலையை உயர்த்தி அவரைப் பார்த்தாள். கண் கலங்கவில்லை. பல நாள் கையில் வைத்திருந்த பாரத்தை எங்கே இறக்குவது என்று இடம் பார்க்கிறவளின் முகம்.

"எனக்கு நின்னு மூணு வருசம் ஆச்சுல்லா. லெந்து நாள்ல இருந்து, அஞ்சாறு மாசமா, திரும்பவும் ரத்தம் படுது. செவ்வாய்க்கிழமை டாக்டர் வரச் சொல்லியிருக்காங்க. நீங்க கூட வரணும். எனக்குப் பயமா இருக்கு."

போட்ட இண்டிகேட்டரை முத்து அணைக்கவே இல்லை. அது டிக், டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. பெட்டியின் பக்கம் வளைத்து வைத்த துவாரத்திலிருந்து வந்த குளிர்காற்றில் கோட்டின் காலர் மெல்ல எழும்பி எழும்பி அடங்கியது. அவர் கையை நீட்டி, தன் பக்கத்துத் துவாரத்தையும் அவளுடைய பக்கம் திருப்பி வைத்தார்.